தட்டினால் ஓடுகிற டிவி: கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வீட்டில் இருபது வருஷத்துப் பழைய 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி. தாத்தா அதைத் தவிர வேறு எதிலும் படம் பார்க்க மாட்டார். போட்டதும் நன்றாக ஓடுகிறது. அரை மணி, முக்கால் மணி கழித்துப் படம் திடீரென்று சுருங்கி, திரையின் நடுவே படுக்கை வாட்டில் ஒரு வெள்ளைக் கோடாகிவிடுகிறது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. இடது பக்கம் ஒரு தட்டு தட்டினால் படம் விரிகிறது. சில நாள் டிவி முழுசாகவே அணைந்து, தானே திரும்ப வருகிறது. மெக்கானிக்கிடம் இரண்டு முறை கொண்டுபோயும், அங்கே ஒழுங்காக ஓடியதால் "ஒன்னும் இல்லப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இனி என்ன செய்வது?

மெக்கானிக்கைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வந்து வந்து போகிற கோளாறைவிட, செத்துப்போன டிவி எவ்வளவோ மேல். செத்த டிவியில் சப்ளை எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று மீட்டரை வைத்துக்கொண்டே போனால் சீக்கிரம் பிடித்துவிடலாம். உங்களுடையது போன்ற டிவி கடைக்கு வந்தால் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடும். வேலூரில் நான் கடை வைத்திருந்த காலத்தில், சலவன்பேட்டையிலிருந்து ஒரு பெரியம்மா மூன்றாம் தடவையாக டிவியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். போட்டதும் பளிச்சென்று படம். "இன்னாப்பா இது, உன் கடைல மட்டும் சிரிச்சிகினு நிக்குது, எங்கூட்டுக்கு வந்தா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குது" என்றார். காரணம் அந்தப் பயணம்தான். வழி நெடுகக் குலுங்கியதில், விட்டுப்போன இணைப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குள் டிவி ஆறியும் போயிருக்கும். கடையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?

அதனால் இந்த மாதிரி வேலையில் முதலில் பாகத்தைத் தேடக் கூடாது. கோளாறு எப்போது வருகிறது என்பதைத்தான் தேட வேண்டும். சூட்டில் வருகிறதா, போட்டவுடன் குளிர்ந்த நிலையில் வருகிறதா, அதிர்ந்தால் வருகிறதா, மழை நாளிலா, கரண்ட் ஏறி இறங்கும்போதா? அது தெரிந்துவிட்டால் நாம் நினைத்த நேரத்தில் கோளாறை வரவழைக்கலாம். வரவழைக்க முடிந்த கோளாறு பாதி சரியான மாதிரி. தெரியாமல் சந்தேகத்துக்கு ஒரு ஐசி, இன்னொரு சந்தேகத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்று மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எது சரிசெய்தது என்று மாற்றியவருக்கே தெரியாது. சரியாகவில்லை என்றால் இன்னும் மோசம்: மாற்றிய இடத்தில் புதிதாக ஒரு தப்பு சேர்ந்திருக்கும்.

எனவே ஒரு வாரத்துக்கு ஒரு பழைய நோட்டை டிவி பக்கத்தில் வையுங்கள். எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்குக் கோடு வந்தது, அப்போது ஃபேன் வேகம் குறைந்ததா, மழையா வெயிலா, தட்டாமல் விட்டால் தானாக விரிந்ததா, இவ்வளவு எழுதினால் போதும். தாத்தாவையே எழுதச் சொல்லுங்கள். நாள் பூரா பார்க்கிறவர் சொல்வது மெக்கானிக்கின் மீட்டரைவிட உபயோகமாக இருக்கும்.

இதில் "எத்தனை மணிக்கு" என்பதை ஏன் கேட்கிறேன் என்றால், அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு டிவி அணைந்துவிடும். நானும் சப்ளை செக்‌ஷனைப் பிரித்து, கண்டென்சர்களை மாற்றிக் கொடுத்தேன். மறுபடி அதே கதை. கடைசியில் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பம்புசெட்டுக்கு 3 ஃபேஸ் விட்டதும் சுற்றியுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்ப, வீட்டு லைட் மங்கியது. உடனே டிவிக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துவிட்டு கட் ஆனது. திறந்து பார்த்தால் ரிலே பாயின்ட் கருகி, கரித்துண்டு மாதிரி இருந்தது. டிவியில் ஒரு கோளாறும் இல்லை. நான் மாற்றிய கண்டென்சர்களும் நல்ல கண்டென்சர்கள்தான்.

உங்கள் டிவி "முழுசாக அணைந்து தானே வருகிறது" என்பதில் பாதிச் சந்தேகத்தை நான் வெளியே வைக்கிறேன். அணையும்போது முன்னால் இருக்கும் சிவப்பு லைட்டும் சேர்ந்து அணைகிறதா என்று பாருங்கள். அதுவும் அணைந்தால் பிளக், சாக்கெட், வயர், பவர் சுவிட்ச், ஸ்டெபிலைசர் இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். மூன்று பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்க்ரூ லூசாகி, வயர் முனை கறுத்திருப்பது சாதாரணமாக நடக்கும். வயர் டிவிக்குள் நுழைகிற வளைவில் உள்ளே அறுந்து, வெளியே ரப்பர் மட்டும் முழுசாக இருப்பதும் உண்டு. பழைய அழுத்து சுவிட்சாக இருந்தால், அதன் உள்பாயின்ட் வருஷக்கணக்கில் தீப்பொறி பட்டுத் தேய்ந்திருக்கும். சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருக்க, படமும் சத்தமும் மட்டும் போனால் கோளாறு உள்ளே. செட்டாப் பாக்ஸின் அடாப்டரையும் மறந்துவிடாதீர்கள். அடாப்டர் போனால் டிவி நீலத் திரையோ புள்ளியோ காட்டும், அணையாது. ஆனாலும் "டிவி போச்சு" என்று பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் ஏராளம்.

சரி, இப்போது அந்த வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் காயிலுக்கு யோக் என்று பெயர். அதில் ஒரு ஜோடிக் காயில், திரையில் படத்தை வரைகிற எலக்ட்ரான் கற்றையை இடம் வலமாக இழுக்கிறது, இன்னொரு ஜோடி மேலும் கீழுமாக இழுக்கிறது. நம் ஊர் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு. இடம் வலம் ஓட்டம் நொடிக்கு 15,625 தடவை, மேல் கீழ் ஓட்டம் நொடிக்கு 50 தடவை. மேல் கீழாக இழுப்பது நின்றுவிட்டால் எல்லாக் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, நடுவில் ஒற்றைக் கோடாகத் தெரியும். அதாவது சப்ளை நன்றாக இருக்கிறது, இஎச்டி (டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) நன்றாக இருக்கிறது, சத்தம் வருகிறது, பிக்சர் டியூபும் உயிரோடு இருக்கிறது. மேல் கீழ் ஓட்டத்துக்கான வெர்டிகல் பகுதி மட்டும் வேலையை விட்டிருக்கிறது. அந்த ஒரு கோடு இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. நல்ல சகுனம்தான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கோடு வந்ததும் டிவியை அப்படியே விட்டுவிட்டு டீ போடப் போகாதீர்கள். முழுத் திரைக்கும் பரவ வேண்டிய கற்றை மொத்தமும் ஒரே இடத்தில் விழுவதால், அங்கே உள்பூச்சு எரிந்து நிரந்தரத் தழும்பு விழும். அப்புறம் எவ்வளவு நன்றாக ரிப்பேர் பார்த்தாலும் நடுத் திரையில் ஒரு பழுப்புக் கீறல் போகாது. கோடு வந்தால் உடனே அணையுங்கள், அல்லது பிரைட்னஸை நன்றாகக் குறையுங்கள்.

சூடானபின் வருகிறது, தட்டினால் போகிறது என்று நீங்கள் சொல்லும் இரண்டும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது ட்ரை சால்டர், அதாவது விட்டுப்போன ஈய ஒட்டு. வெர்டிகல் ஐசி, சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் என்கிற உலோகத் தகட்டில் திருகப்பட்டு நிற்கும். ஓடும்போது நன்றாகச் சூடாகும், அணைத்தால் ஆறும். தினமும் இப்படி நீண்டு சுருங்குவதில், கனமான ஹீட் சிங்க் ஐசியின் கால்களை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும். ஈயம் மிருதுவான உலோகம். வருஷக்கணக்கில் இந்த இழுபறியைத் தாங்காமல் காலைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டுவிடும். குளிர்ந்த நிலையில் கால் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சூடாகி விரிந்ததும் மயிரிழை விலகும். நீங்கள் தட்டினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். விட்டுவிட்டுத் தொடுகிற அந்த இடத்தில் சின்னச் சின்னப் பொறி பறப்பதால் விரிசல் இன்னும் பெரிதாகும். அதனால்தான் முதலில் மாதம் ஒரு தட்டு, அப்புறம் வாரம் ஒன்று, இப்போது அரை மணிக்கு ஒன்று என்று ஆகியிருக்கும். சரிதானே?

அந்த விரிசலை நேரில் பார்த்தால் மறக்காது. போர்டைத் திருப்பிப் போட்டு, தூசியைப் பெயின்ட் பிரஷால் துடைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். நல்ல சால்டர் மேடு கோயில் குடம் மாதிரி வழவழவென்று காலோடு ஏறி மின்னும். விரிசல் விட்டதில் காலைச் சுற்றி, புறாவின் கண்ணைச் சுற்றி இருக்குமே, அப்படி ஒரு மெல்லிய சாம்பல் வளையம் தெரியும். ஐசியை மேல்பக்கம் பிடித்து லேசாக ஆட்டினால் அந்த வளையத்துக்குள் கால் மட்டும் தனியாக அசையும். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று நான் வாங்கி வைத்திருந்தேன். அந்த லென்ஸ் என் மீட்டரைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஐசியின் கால்கள் மட்டுமில்லை. யோக்கிலிருந்து வரும் வயர் போர்டில் குத்தப்படும் கனெக்டர், இஎச்டி டிரான்ஸ்ஃபார்மரின் பத்துக் கால்கள், அதிலிருந்து வெர்டிகல் ஐசிக்கு சுமார் 24 வோல்ட் கொடுக்கும் வழியில் உள்ள ஃப்யூசிபிள் ரெசிஸ்டரும் டயோடும், யோக்கோடு வரிசையில் உள்ள பெரிய கண்டென்சர், இவற்றின் கால்களையும் பார்க்க வேண்டும். கனமான பொருள், சூடாகும் பொருள், வெளியே இழுபடும் வயர் மாட்டிய இடம், இந்த மூன்றுக்கும்தான் ஈயம் சீக்கிரம் விடும். போர்டில் உள்ள ஆயிரம் சால்டரையும் பார்க்கத் தேவையில்லை.

சரிசெய்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பலர் சூடான இரும்பை வைத்து மேலே இன்னும் கொஞ்சம் ஈயத்தை உருக்கி ஊற்றிவிட்டு "போட்டாச்சு" என்பார்கள். உள்ளே கால் கறுத்து ஆக்சைடு பிடித்திருந்தால் புது ஈயம் அதில் ஒட்டாது, சுற்றி மூடிக்கொள்ளும் அவ்வளவுதான். ஆறு மாதத்தில் திரும்பி வரும், இந்த முறை வளையம்கூடத் தெரியாது. பழைய ஈயத்தைப் பம்பால் உறிஞ்சி எடுத்து, காலை பிளேடால் பளபளக்கச் சுரண்டி, ரோசின் தொட்டு, நல்ல 60/40 ஈயத்தில் புதிதாகப் போட வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும்.

தட்டிய பக்கம்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் எங்கே தட்டினாலும் அதிர்வு எல்லா இடத்துக்கும் போகும். இடது பக்கம் தட்டியதால் எனக்குத் தெரிவது, அதிர்வுக்குப் படம் விரிகிறது என்பது மட்டுமே. மூடியைத் திறந்தபின் பலமாகத் தட்டவும் கூடாது. காய்ந்த மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் பேனாவோ எடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் விரல் நுனியால் தொடுகிற அளவுக்கு மெதுவாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பலமாகத் தட்டினால் எங்கே தட்டினாலும் கோடு வரும். மெதுவாகத் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் வரும். அந்த இடம்தான் வேண்டும்.

தட்டி எதுவும் ஆகவில்லை, சூட்டில் மட்டும்தான் வருகிறது என்றால் கதை வேறு. அப்போது ஐசியே உள்ளுக்குள் பழுதாகியிருக்கலாம். ஹேர் டிரையரை எடுத்து ஒரு சமயத்துக்கு ஒரு பாகம் என்று காற்றடிக்க வேண்டும். அட்டையை வெட்டிக் கூம்பாகச் சுருட்டி முனையில் வைத்தால் காற்று பக்கத்துப் பாகத்துக்குப் போகாது. கோடு வந்ததும் அதே பாகத்தில் குளிர் ஸ்ப்ரே ஒரு பீய்ச்சு. உடனே படம் விரிந்தால் அந்தப் பாகம்தான். ஸ்ப்ரே கிடைக்கவில்லை என்று சிலர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஓடுகிற டிவியில் வைப்பார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். பொறி பறக்கிற பெட்டிக்குள் ஸ்பிரிட்டா?

இதற்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு. காலையில் போட்டால் ஓடாது, பத்துத் தடவை போட்டு அணைத்தபின் கிளம்பும், கிளம்பிவிட்டால் நாள் பூரா ஓடும். குளிரில் வந்து சூட்டில் போகிற கோளாறு என்றால் அநேகமாகக் காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்தான். சப்ளை செக்‌ஷனில் ஹீட் சிங்க்குக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் சின்ன 47 அல்லது 100 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரை முதலில் சந்தேகப்படுவேன். பெரிய கண்டென்சர் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சின்னது தலை தட்டையாக, பார்க்க நல்லவன் மாதிரியே இருக்கும். சாதாரண மீட்டரில் கெபாசிட்டி சரியாகக்கூடக் காட்டலாம். ஈஎஸ்ஆர், அதாவது கண்டென்சரின் உள்தடையைப் பார்க்கும் மீட்டர் இருந்தால் மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் புதிது போட்டுப் பார்ப்பதுதான் வழி. இங்கே மட்டும் என் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வேன்.

வேலூரை வெயிலூர் என்று சொல்வதில் இந்தத் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி தாண்டினால், மூடிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு பின்னல் துணி, துணிக்கு மேல் ஒரு பூ ஜாடி, ஜாடிக்குப் பக்கத்தில் செட்டாப் பாக்ஸ். காற்று போகும் ஓட்டை மொத்தமும் அடைபட்டுவிடும். சித்திரையில் அரை மணியில் வருகிற கோடு மார்கழியில் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், அது சூட்டுக் கோளாறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், போன மார்கழியில் எப்படி இருந்தது என்று.

மழைக்காலத்துக் கோளாறு தனி ஜாதி. ஐப்பசி அடைமழையில் காலையில் போட்டால் படம் முழுக்கப் பனி மூட்டம் மாதிரி மங்கலாக இருந்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மெதுவாகத் தெளிந்தால், பிக்சர் டியூபின் வாலில் மாட்டும் சாக்கெட்டில் ஈரம் என்று பொருள். ஃபோகஸ் காலுக்கான சின்ன அறைக்குள் பச்சை பிடித்திருக்கும். சாக்கெட்டை மாற்றினால் தீர்ந்தது. இஎச்டி பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்டு, ஒரு மாதிரி மின்னல் வாசனை வந்தால் கரண்ட் வெளியே கசிகிறது, உடனே அணையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரிக்கு அருகில் உள்ள வீடுகளிலிருந்து வரும் போர்டுகளில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். சுவிட்ச் பாயின்ட், கனெக்டர் பின் எல்லாம் கறுத்துப்போயிருக்கும். கந்தக வாயு பட்டால் வெள்ளிப் பூச்சும் செம்பும் கறுப்பது தெரிந்ததுதானே, வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் அப்படித்தான்.

கலர் விட்டுவிட்டு மாறினால் ரொம்ப யோசிக்க வேண்டாம். சிவப்பு போனால் படம் நீலப்பச்சையாகும், நீலம் போனால் மஞ்சளாகும், பச்சை போனால் கத்திரிப்பூ நிறமாகும். டியூபின் வாலில் உள்ள சின்ன போர்டில் மூன்று டிரான்சிஸ்டர்களுக்கும் சூடாகும் ரெசிஸ்டர்களுக்கும் கால் விட்டிருக்கும். மூலையில் மட்டும் திட்டுத் திட்டாக ஊதா, பச்சை நிறம் என்றால் ஸ்பீக்கரையோ ஸ்டெபிலைசரையோ தள்ளி வைத்துப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் திரையில் ஏறிய காந்தத்தைப் போக்கும் டீகாஸ் காயிலோடு இருக்கும் போசிஸ்டர் என்கிற பாகம் உடைந்திருக்கும். யாரும் தொடாமல் சவுண்ட் தானாக ஏறுகிறது, சேனல் தானாக மாறுகிறது என்றால் பேய் இல்லை, முன்பக்கப் பட்டன்களுக்குள் கசிவு. ஐந்தாறு பட்டனையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அடுத்தது ஆரம்பிக்கும்.

உங்கள் டிவி முழுசாக அணைகிற விஷயத்தில் வெளியே எல்லாம் நன்றாக இருந்தால், உள்ளே நான் முதலில் பார்ப்பது, இடம் வலம் ஓட்டத்துக்கான ஹாரிசான்டல் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் நான்கு கால்கள். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டு டிவி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடிக்கும். பியு508 ஒன்றைப் போட்டேன், போயிற்று. டூப்ளிகேட்டாக இருக்கும் என்று வேறு கடையில் வாங்கிப் போட்டேன், அதுவும் போயிற்று. மூன்றாவது முறை இஎச்டி ஷார்ட் என்று நானே முடிவு கட்டி, காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது இஎச்டி வாங்கிவந்து மாட்டினேன். அதற்கும் பதினைந்து நாள்தான் ஆயுள். நான்காவது முறை அந்த வீட்டுப் பையன், பள்ளிக்கூடம் போகிறவன், டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன், "அண்ணா, இந்தக் கால் மட்டும் ஆடுதுண்ணா" என்று குச்சியால் காட்டினான். டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு கால். அது விட்டுவிட்டுத் தொடும்போது அவுட்புட் டிரான்சிஸ்டருக்குப் போகும் டிரைவ் அரைகுறையாகி, முழுசாகத் திறக்காமலும் மூடாமலும் அது சூடாகி வெடித்திருக்கிறது. ஒரு குண்டுமணி ஈயத்தில் தீர்ந்த வேலை. இஎச்டி காசை நான் அவர்களிடம் வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை.

உங்கள் மெக்கானிக்குக்கு இன்னொரு யோசனை சொல்லுங்கள், தெரிந்தவராக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கோளாறு வந்தபின் மீட்டரை வைக்கப் போனால், கை பட்டதும் படம் வந்துவிடும். எனவே டிவி அணைந்திருக்கும்போதே மீட்டரை கிளிப் போட்டு மாட்டிவிட வேண்டும். ஒன்று மெயின் பி பிளஸில், அதாவது சப்ளை பகுதி கொடுக்கும் முக்கிய வோல்டேஜில். 21 இன்ச்சுக்குப் பெரும்பாலும் 110 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இன்னொன்று வெர்டிகல் ஐசிக்கு வரும் 24 வோல்ட்டில். அப்புறம் டிவியைப் போட்டுவிட்டு, கை கட்டிக் காத்திருக்க வேண்டும். கோடு விழுந்த நொடியில் 24 வோல்ட் அப்படியே நின்றால் ஐசி, அதைச் சுற்றியுள்ள பாகங்கள், யோக் கனெக்டர் இவற்றைப் பார்க்கலாம். 24 வோல்ட்டும் சேர்ந்து போனால் இஎச்டியிலிருந்து அந்த சப்ளை வரும் வழியைப் பார்க்கலாம். முழுசாக அணைந்த நொடியில் பி பிளஸ் இருந்துகொண்டே சத்தமும் படமும் போனால் ஹாரிசான்டல் டிரைவ் வரவில்லை. பி பிளஸே போனால் சப்ளை செக்‌ஷன், அல்லது அதை இழுத்துக் கீழே தள்ளும் ஷார்ட். ஷார்ட் சந்தேகம் இருந்தால் மெயினில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஓட்ட வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு இப்போது கிடைப்பது குறைந்துவிட்டது, என்னிடம் நான்கு பல்பைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீங்களே திறக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பெரிய ஃபில்டர் கண்டென்சரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சில டிவியில் அது மணிக்கணக்கில் இறங்காது. பிக்சர் டியூபின் மேல் உள்ள ரப்பர் தொப்பிக்கு அடியில் ஓடும்போது 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், டியூப் கண்ணாடியே கண்டென்சர் மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல டிவிகளில் போர்டின் ஒரு பாதி நேராக மெயின் கரண்டோடு தொடர்பில் இருக்கும். எங்கள் காலத்து மெக்கானிக்குகள் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலை செய்வது ஸ்டைலுக்காக இல்லை, கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக இன்னொரு கையில் இறங்கக் கூடாது என்பதற்காக.

மெக்கானிக் சிரமப்படாமல் "போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சைனா கிட் மாட்டிவிடலாம்" என்பார், அதாவது பழையதற்குப் பதிலாக ஒரு ரெடிமேட் போர்டு. மாட்டலாம், படமும் வரும். ஆனால் உங்கள் யோக்குக்கும் அந்தக் கிட்டுக்கும் சரியாகப் பொருந்தாவிட்டால், படம் அகலம் குறைந்தோ ஓரம் வளைந்தோ நிற்கும். தாத்தா அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிக்சர் டியூப் இன்னும் தெளிவாக இருக்கிறது என்றால் பழைய போர்டைக் காப்பாற்றுவதுதான் என் கருத்து. டியூபே மங்கி, போட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வெளிச்சம் வருகிறது என்ற நிலைக்கு வந்திருந்தால் ரிப்பேருக்குக் காசு போடாதீர்கள்.

இனி டிவியை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், நோட்டைக் காட்டுங்கள். அவர் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியைப் போட்டு, மேலே அந்தப் பின்னல் துணியையும் எடுக்காமல் அப்படியே ஓட விடுங்கள். கோடு விழுந்தால் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாகத் தாத்தா.